டி ஹாவிலண்ட்: ஒரு பெயரும் வடசென்னைக் கடல் மதிலும்

சென்னையின் பழைய கதைகளைப் பேசுகிறவர்கள் ஒரு செய்தியை ஆசையோடு சொல்வதுண்டு. எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தைக் கட்டியவர் டி ஹாவிலண்ட். விமானம் செய்தவர் டி ஹாவிலண்ட். ‘கான் வித் த விண்ட்’ படத்தில் மெலனியாக நடித்தவரும் ஒலிவியா டி ஹாவிலண்ட். எல்லாரும் ஒரே வம்சம். கேட்பவர் வியப்பார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அத்தோடு முடியக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் பல நாடுகளில் பல மனிதர்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஊர்களுக்கும் அமைந்துவிட்டது. அதனால் அவர்களுக்குள் உண்மையில் என்ன உறவு? அந்தக் கூட்டத்தில் திருவொற்றியூர்க் கரையில் வாழ்கிறவர்கள் அக்கறையோடு தெரிந்துகொள்ள வேண்டியவர் யார்? இரண்டாவது கேள்விக்கு என் விடை: தாமஸ் ஃபியாட் டி ஹாவிலண்ட். அதற்குக் காரணம் எழும்பூர் தேவாலயம் அல்ல. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே கடலைத் தடுக்க அவர் கட்டிய மதில்தான். ஆனால் அந்த விடைக்குப் போகுமுன் பெயரைச் சுற்றியிருக்கும் புகழை விலக்கிப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தின் வேர் நார்மண்டியின் கோத்தான்தான் பகுதியில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. நூற்றாண்டுகளாக அவர்கள் வாழ்ந்த இடம் கெர்ன்சி தீவு. அது பிரான்சின் கரைக்கு அருகில் இருந்தாலும் இங்கிலாந்து முடிக்கு உட்பட்டது. அந்நாளில் அங்கே பெயர்களும் பேச்சும் பிரெஞ்சு, விசுவாசம் லண்டனுக்கு. தாமஸ் ஃபியாட் அங்கே 1775-ல் பிறந்தார். தந்தை சர் பீட்டர் அந்தத் தீவின் தலைமை நீதி, நிர்வாகப் பதவியில் இருந்தவர். மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1793-ல் புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலப் படையில் அவரும் இருந்தார். பிரெஞ்சுப் பெயரைச் சுமந்துகொண்டு பிரெஞ்சுக்காரர்களின் கோட்டையைத் தாக்கப் போனவர் அவர். குடும்பப் பெயரை வைத்து ஒருவரின் நாட்டையோ பக்கத்தையோ தீர்மானிக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு முற்றுகையே போதும்.

வம்சக் கதைக்கு வருவோம். விமானம் செய்த ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்கும் நடிகை ஒலிவியாவுக்கும் உள்ள உறவு தெளிவானது. ஜெஃப்ரியின் தந்தை சார்லஸும் ஒலிவியாவின் தந்தை வால்டரும் ஒரு தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்தவர்கள். நம் முறைப்படி ஜெஃப்ரி ஒலிவியாவுக்குப் பெரியப்பா மகன், அண்ணன். இருவருமே கெர்ன்சி மரபு. இது வரை சரி.

அதற்கு மேல் எச்சரிக்கை வேண்டும். பெயரில் ‘டி’ இல்லாமல் ஹாவிலண்ட் என்றே வழங்கும் குடும்பங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளம். ஃபிலடெல்ஃபியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலையை வடிவமைத்த ஜான் ஹாவிலண்ட் அவர்களில் ஒருவர். நடுவில் ஒரு கண்காணிப்புக் கூடமும் அதிலிருந்து கதிர்களாக நீளும் அறை வரிசைகளும் கொண்டது அந்தச் சிறை. அது 1829-ல் திறக்கப்பட்டது. பல நாடுகளின் சிறைகளுக்கு அதுவே முன்மாதிரி. அந்த ஜானின் மகன் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போய், குடும்பச் சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிவு செய்யும் அரச அலுவலகத்தில் யார்க் ஹெரால்டு என்ற பதவியை வகித்தவர். அவர் பெயர் ஜான் வான் சொன்டாக் டி ஹாவிலண்ட். தந்தையிடம் இல்லாத ‘டி’ மகனிடம் வந்துவிட்டது. டி ஹாவிலண்ட் குடும்பத்தின் நார்மன் பழமையைப் போற்றும் வரலாற்று நூலை எழுதியவரும் இவரே.

இந்த விவரத்துக்கு நான் மிகுந்த எடை தருகிறேன். ஒரு குடும்பத்தின் பழமைக்குச் சாட்சி சொல்கிறவர், அந்தப் பழமையால் நேரடியாகப் பயன் பெறுகிறவராக இருக்கிறார். சாட்சி பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் திறனாய்வில் அத்தகைய சாட்சியத்தை முழு மதிப்புக்கு ஏற்க முடியாது. நார்மண்டியிலிருந்து ஒரே கோடாக இறங்கி வரும் மரம் என்ற படத்தில், கெர்ன்சிக் கிளைக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிய பகுதியைத் தள்ளி வைத்துத்தான் பேச வேண்டும்.

இரத்தம், பெயர் என்ற இரண்டும் ஒன்றாகப் போவதில்லை என்பதற்கு இன்னும் வலுவான சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹாவிலண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமானவர் லாரா ஸ்மித் ஹாவிலண்ட். மிச்சிகனில் இருந்துகொண்டு, தென் மாநிலங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு வழிகாட்டி உதவியவர், கறுப்பின, வெள்ளைக் குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பள்ளி நடத்தியவர். அவர் பிறந்த பெயர் ஸ்மித். ஹாவிலண்ட் கணவர் வழி வந்தது. ஆக, அந்தப் பெயரை ஓர் ஊருக்கே தேடித் தந்தவரிடம் அந்த இரத்தம் ஒரு துளி இல்லை. மறுபக்கம் ஒலிவியாவின் கூடப்பிறந்த தங்கை, 1941-ல் வெளிவந்த ‘சஸ்பிஷன்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர், மாற்றாந்தந்தையின் பெயரை வைத்துக்கொண்டு ஜோன் ஃபான்டெய்ன் ஆனார். அவரிடம் இரத்தம் இருந்தது, பெயர் இல்லை.

ஒலிவியாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. ஸ்டுடியோவுக்கும் நடிகருக்குமான ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டு அவர் ஜெயித்தார். அந்த விதியை இன்றும் கலிஃபோர்னியாவில் டி ஹாவிலண்ட் சட்டம் என்றே சொல்கிறார்கள். தான் செய்த வேலையால் பெயருக்குப் புதிய பொருள் சேர்த்தவர்களில் அவரை முன் வரிசையில் வைப்பேன்.

கம்பெனிகளின் கதை வேறு. நியூயார்க்கிலிருந்து போன டேவிட் ஹாவிலண்ட் 1842-ல் பிரான்சின் லிமோஜ் நகரில் குடியேறிப் பீங்கான் தொழில் தொடங்கினார். வெள்ளை மாளிகை விருந்து மேசை வரை அந்தப் பீங்கான் போனது. பிரெஞ்சுப் பெயர் அமெரிக்கா போய், அங்கிருந்து அமெரிக்க முதலாளியாகப் பிரான்சுக்கே திரும்பி வந்தது.

விமானக் கம்பெனியை ஜெஃப்ரி 1920-ல் தொடங்கினார். இந்திய வான்வழியின் தொடக்கத்தில் அந்தப் பெயர் ஆழப் பதிந்திருக்கிறது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலோடு ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டி வந்தது டி ஹாவிலண்ட் கம்பெனியின் புஸ் மாத் விமானம். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். பிற்பாடு அதே கம்பெனி உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட்டை 1952 மே 2 அன்று சேவையில் இறக்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் புயல் மேகத்தில் சிதறி 43 பேர் இறந்தார்கள். 1954-ல் மேலும் இரண்டு காமெட்டுகள் வானில் உடைந்தன. உடலை நீர்த்தொட்டியில் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோதுதான் உலோகச் சோர்வு என்ற காரணம் வெளிவந்தது. அந்தச் சோதனையின் பாடத்தில்தான் இன்றைய விமானங்கள் பறக்கின்றன.

1960-ல் கம்பெனி ஹாக்கர் சிட்லியிடம் போனது, சில ஆண்டுகளில் பெயரும் மறைந்தது. கனடாவில் 1928-ல் தொடங்கிய கிளையின் பெயர் மட்டும் பல கை மாறி, 2019-ல் புது முதலாளிகளின் கையில் உயிர்த்தெழுந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறந்த க்யூ400 விமானங்கள் அந்தக் கனடா மரபில் வந்தவையே. அந்தக் கம்பெனிக்கும் கெர்ன்சிக் குடும்பத்துக்கும் இன்று உறவு என்று ஒன்று இல்லை. மதிப்புள்ள பெயரை விலைக்கு வாங்கலாம் என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை.

இந்தப் பெயர் மயக்கம் நமக்குப் புரிவது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் நம் வழக்கம் வேறு. நாம் இன்ஷியல் போடுகிறவர்கள். அப்பாவின் பெயர் ஒரு தலைமுறை ஓர் எழுத்தாக நின்று அடுத்த தலைமுறையில் போய்விடுகிறது. தாத்தாவின் பெருமையைப் பேரன் பெயரிலிருந்து யாரும் படித்தறிய முடியாது. நான் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை. ஆனால் ஊர்ப்பெயர்களிலும் கம்பெனிப் பெயர்களிலும் வடசென்னை நிறைய வெளியூர்ப் பெயர்களை வாங்கி வைத்திருக்கிறது. திருவொற்றியூரில் 1955 முதல் மோட்டார் சைக்கிள் செய்த தொழிற்சாலையின் பெயரான என்ஃபீல்டு லண்டன் பக்கத்து ஊர். அந்த வண்டி முதலில் செய்யப்பட்டது அங்கே அல்ல, ரெடிச்சில். பாரிமுனை தாமஸ் பாரியின் பெயர். ராயபுரம் போகிற பஸ்ஸில் ஏறி “கிளைவ் பேட்டரி ஒண்ணு குடுங்க” என்று இன்றும் கேட்கலாம். பீரங்கி வைத்த இடத்தின் பெயர் நடத்துநர் வாயில் உயிரோடு இருக்கிறது. அதே கரையைக் கடலிடமிருந்து காத்தவரின் பெயரைச் சொல்லி யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

இப்போது அந்த மனிதரின் வேலையை நிறுத்துப் பார்ப்போம்.

முதல் சான்று ஸ்ரீரங்கப்பட்டினத்தில். காவிரிக்கு அகன்ற செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்று டி ஹாவிலண்ட் சொன்னபோது அதை நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர் 1808 வாக்கில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே நூறடிக்கு மேல் அகலமுள்ள ஒற்றைச் செங்கல் வளைவைக் கட்டி நிறுத்திக் காட்டினார். பாலம் வரவில்லை. வளைவு மட்டும் நூறாண்டுக்கு மேல் நின்று, 1930-களில்தான் விழுந்தது. வாதத்தைக் காகிதத்தில் முடிக்காமல் தரையில் நிறுத்திக் காட்டும் இந்தக் குணத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதே ஊரில் 1809-ல் கம்பெனியின் வெள்ளை அதிகாரிகள் நடத்திய கலகத்தில் சேர்ந்து வேலை இழந்து, பின்னர் திரும்பச் சேர்க்கப்பட்டவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டளைக்கு அடங்கும் ஆள் அல்லர்.

இரண்டாவது சான்று எழும்பூரில். 1818-ல் தொடங்கி 1821-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். முகப்பும் கோபுரமும் லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தைப் பார்த்து வைத்தவை என்பதால் இதை நகல் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. முகப்பை மட்டும் பார்த்தால் அது சரி. உள்ளே போனால் வட்டமான கூடம், 16 தூண்கள், மேலே நீலக் குவிமாடம். மரத்தைக் கரையான் தின்னும் என்பதால் கூரையில் மரம் இல்லாமல் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுப்பியது. அடியில் இருப்பது இன்னும் முக்கியம். அந்த நிலம் சதுப்பு. கிணறு கிணறாக இறக்கி, அவற்றின் மேல் அடித்தளத்தைப் போட்டார். கிணறு இறக்கி அஸ்திவாரம் போடுவது இந்த மண்ணின் கொத்தனார்களுக்கும் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் கைவந்த தொழில். லண்டனிலிருந்து வந்தது முகம், பாரத்தைத் தாங்குவது நம் ஊர்த் தொழிலறிவு. டி ஹாவிலண்டின் தகுதி அதை மதித்து ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. அந்த வேலையாட்களின் பெயர்கள் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படாதது அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் பெரிய அநீதி.

மூன்றாவது, நமக்கு வேண்டியது, கடல் மதில். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் அகற்றப்பட்டு, வடக்கே தள்ளி வளர்ந்தது. அதுவே பிற்பாடு ஜார்ஜ் டவுன். அதன் கிழக்கு ஓரத்தைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. துறைமுகம் அப்போது கிடையாது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். அப்படிச் சேர்ந்த சரக்கு நின்ற கரையே கரைந்துகொண்டிருந்தது. 1820-களின் தொடக்கத்தில் டி ஹாவிலண்ட் கரையோடு சேர்ந்தாற்போல் வடக்கு நோக்கிக் கல் மதிலை நீட்டினார். ஆங்கில ஆவணங்கள் இதை மெட்ராஸ் புல்வார்க் என்கின்றன.

இதன் மேல் மூன்று குறைகள் சொல்லலாம். காத்தது வியாபாரிகளின் கிடங்குகளைத்தானே, குப்பத்து மக்களையா என்பது ஒன்று. உண்மைதான், கம்பெனி தன் பணத்தைத் தன் சரக்குக்காகவே செலவழித்தது. ஆனால் மதிலுக்குப் பின்னால் முத்தியால்பேட்டையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் வீடுகளும் அதனால் நின்றன. அடுத்தது, துறைமுகம் வந்ததும் கடல் விலகி, மதில் நிலத்துக்குள் போய்ப் பயனற்றதாகிவிட்டதே என்பது. அறுபது ஆண்டு வேலை செய்த ஒரு கடல் மதிலைத் தோல்வி என்று சொல்ல நான் தயாரில்லை.

மூன்றாவது கனமானது. கடல் வந்தால் கல்லைக் கொட்டு என்ற பழக்கத்தை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது அந்த மதில்தானே? இன்று எண்ணூர் விரைவுச்சாலை நெடுக, காசிமேட்டிலிருந்து திருச்சினாங்குப்பம், திருவொற்றியூர் குப்பம் தாண்டி எண்ணூர் வரைக்கும் கருங்கல் குவியல்களாகத் தெரிகிறதே, அதன் பாட்டன் அவர் அல்லவா?

இங்கேதான் நிதானம் தேவை. வருஷத்தின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் இந்தக் கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் அது திரும்பும். கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்குப் பக்கம். கரைக்கு இணையாக நிற்கும் மதில் இந்த ஓட்டத்தைக் குறுக்கே நின்று மறிப்பதில்லை. அது தன் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கும், முன்னால் இருக்கும் மணலை இழக்கும், அவ்வளவுதான். குறுக்கே மறித்தது 1875-ல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள். 1881 புயல் அவற்றை நொறுக்கியது, திரும்பக் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரமும் திருவொற்றியூரும் கரையத் தொடங்கின. கடல் உள்ளே வந்த தூரம் நூற்றுக்கணக்கான மீட்டர். தெருக்களும் கோயில்களும் வலை காயவைத்த மணல்வெளிகளும் போயின. “எங்க தாத்தா வீடு அந்தத் தண்ணிக்குள்ள இருக்கு” என்று குப்பத்துப் பெரியவர் கை நீட்டிச் சொன்னால் அதில் மிகை கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திருவொற்றியூரில் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பான தூண்டில் வளைவு ஏதாவது ஒன்றின் மேல் ஏறி நில்லுங்கள். தெற்கு ஓரத்தில் சிறிதாகவேனும் மணல் ஒதுங்கியிருக்கும். ஃபைபர் படகுகளை ஏற்றி வைத்து, நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வடக்கு ஓரத்தில் மணல் இருக்காது, அலை நேராகக் கல்லில் மோதித் தெறிக்கும். துறைமுகம் மெரினாவுக்கும் ராயபுரத்துக்கும் செய்ததை ஒவ்வொரு தூண்டில் வளைவும் சின்ன அளவில் அடுத்தடுத்த குப்பங்களுக்குச் செய்கிறது. ஒரு குப்பம் பிழைத்தால் அடுத்த குப்பம் கேட்கிறது, அதற்கும் போடுகிறார்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும், திருவொற்றியூர் குப்பத்தில் வந்த சூரை மீன்பிடித் துறைமுகமும் அதே கரையில்தான் சுவர் நீட்டி நிற்கின்றன. அவை மீனவர்களுக்குத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் வடக்கே என்ன நடக்கிறது என்ற கணக்கு கூடவே வரவேண்டும் என்கிறேன்.

ஆகவே மூன்றாவது குற்றச்சாட்டிலிருந்து டி ஹாவிலண்டை விடுவிக்கிறேன், முழுதாக அல்ல. அரிப்புக்கு அவர் காரணம் இல்லை. ஆனால் கரை என்பதை ஒரே இடத்தில் நிற்க வேண்டிய கோடாகப் பார்க்கும் எண்ணம் அவர் மதிலில் இருந்தது, அவருக்குப் பின் வந்த எல்லாரிடமும் அது இருக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. நம்பாதவர்கள் முன் வளைவை நிறுத்திக் காட்டியவர் அவர். காமெட் விழுந்தபோது அதன் உடலைத் தொட்டியில் போட்டுச் சோதித்தவர்களும் அதே நேர்மையைத்தான் காட்டினார்கள். நம் கரையில் கொட்டிய கல்லுக்கு அப்படி ஒரு சோதனை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதில்லை.

என் தீர்ப்பு இது. ஒரே பெயர் என்பதால் கெர்ன்சியும் ஹாலிவுட்டும் லிமோஜும் கான்சஸும் சேர்ந்து ஒரு பெருமையாகிவிடாது. ஒவ்வொருவரும் அவரவர் வேலைக்கே பொறுப்பு. உலகப் பார்வையில் லாரா ஹாவிலண்டும் ஒலிவியாவும் முன்னே நிற்பார்கள். வடசென்னைக்கு உரியவர் தாமஸ் ஃபியாட். நடிகையின் சொந்தக்காரர், விமானக்காரரின் மரபு என்று அவரை அறிமுகப்படுத்துவது அவருக்கும் நமக்கும் நியாயமில்லை. மதில் ஓடிய கரையில் அவர் பெயரையும், கல் சுமந்த தொழிலாளர்களையும் சேர்த்துக் குறிக்கும் ஒரு பலகை வேண்டும்.

அதைவிட அவசரமான வேண்டுகோள் நீர்வளத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும். காசிமேடு முதல் எண்ணூர் வரை உள்ள ஒவ்வொரு தூண்டில் வளைவின் இரு பக்கமும் மணல் எத்தனை மீட்டர் ஏறியது, எத்தனை மீட்டர் இறங்கியது என்பதைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து, அந்தந்தக் குப்பத்தின் பொது இடத்தில் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த கல் லாரி வருவதற்கு முன் அந்தக் கணக்கு வரட்டும்.